நீக்கியது போக மீதி

திருநீர்மலை, பம்மல், அனகாபுத்தூர்ப் பக்கம் மனை பார்க்க வருகிறவர்கள் விலையை விசாரிப்பதற்கு முன்னால் விசாரிப்பது ஒன்று உண்டு: பட்டா நிலமா, புறம்போக்கா? அதற்கு விடை சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேட்டின் மூதாதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டப்பட்டது. இதே ஊர்களிலிருந்து காலையில் நிரல் எழுதும் வேலைக்குக் கிளம்புகிறவர்களும் குறைவில்லை. 1984-இல் தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி வளாகம் வந்த பிறகு இந்தப் பகுதி அந்த மாதிரி வேலைகளுக்குப் பழகிவிட்டது. அவர்கள் ஜாவாஸ்கிரிப்டில் அன்றாடம் எழுதும் ஒரு வரிக்கும் அந்தக் கல்வெட்டுக் கணக்குக்கும் அமைப்பு ஒன்றுதான். முழுதைச் சொல்ல வேண்டும். வேண்டாததைப் பெயர் சொல்லி எடுத்துவிட வேண்டும். எஞ்சியதை ஒவ்வொன்றாகச் சொல்லாமல் ஒரே பெயரில் கட்டி ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். படிக்கிறவர் கண் நீக்கப்பட்டவற்றின் பட்டியலில்தான் போய் நிற்கும். பலனோ முழுக்க மீதியைப் பெறுகிறவருக்கு. பட்டியல் எழுதிய அன்று யாருக்கும் தெரியாமலிருந்தது, எழுத மறந்தது, பின்னால் புதிதாக முளைத்தது எல்லாம் கேள்வி முறையில்லாமல் அவர் மடியில் விழுகிறது. தமிழ்நாட்டு நிலக்கணக்கின் வரலாற்றில், அதிலும் செங்கல்பட்டுச் சீமையின் வரலாற்றில், ஆட்சி மாறும்போதெல்லாம் பட்டியலின் சொற்கள் பெரும்பாலும் அப்படியே இருக்க, மீதியைப் பெறுகிறவர் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறார்.

நிரல் பக்கத்துக் கதை சிறியது, அதை முதலில் சொல்லிவிடலாம். ஜாவாஸ்கிரிப்டை 1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்துக்காகப் பிரெண்டன் ஐக் பத்து நாளில் எழுதினார் என்பது அந்தத் தொழிலில் எல்லாரும் அறிந்தது. அதில் ஆப்ஜெக்ட் என்பது பெயரிட்ட மதிப்புகளின் ஒரு கட்டு: ஒரு பயனரின் பதிவென்றால் பெயர், ஊர், மின்னஞ்சல், கடவுச்சொல் என்று ஒவ்வொரு பண்புக்கும் ஒரு மதிப்பு. கடவுச்சொல்லை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் திரைக்கு அனுப்ப வேண்டுமென்றால் இருபது ஆண்டுக்கும் மேலாக மொழியில் நேர்வழி இருக்கவில்லை. டிலீட் கட்டளை மூலப் பதிவிலிருந்தே அந்தப் பண்பை அழித்துவிடும். அது வேண்டாமென்றால் ஒவ்வொன்றாகப் பிரதியெடுக்க வேண்டும். அல்லது அண்டர்ஸ்கோர், லோடாஷ் போன்ற நூலகங்கள் வைத்திருந்த ஓமிட் என்ற கருவியை நாட வேண்டும். 2015-ஆம் ஆண்டுப் பதிப்பு ஆப்ஜெக்டைப் பிரித்து வேண்டிய பண்புகளைத் தனித்தனிப் பெயரில் எடுக்கும் டீஸ்ட்ரக்சரிங் முறையைத் தந்தது. எஞ்சியதை வாங்கும் வசதியை மட்டும் வரிசைகளோடு நிறுத்திக்கொண்டது. அப்போது ஃபேஸ்புக்கில் இருந்த செபாஸ்டியன் மார்க்போகேயின் முன்மொழிவு ஏற்கப்பட்டு, 2018-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் ஆப்ஜெக்டுக்கும் அது வந்தது. சமக்குறிக்கு இடப்பக்கம், நெளிவு அடைப்புக்குள், கடவுச்சொல்லின் பெயர், காற்புள்ளி, மூன்று புள்ளி, அதை ஒட்டி ஒரு பெயர். அந்தப் பெயர் ‘மீதி’ என்று தமிழிலேயே இருக்கலாம், மொழி தடுக்காது. மூலப் பதிவு குலைவதில்லை. கடவுச்சொல் அங்கே இருந்தபடியே இருக்கும், மீதியில் மட்டும் இராது. விலக்க வேண்டியதைப் பெயர் சொல்லாமல் விலக்கவும் முடியாது. அப்படிப் பிரித்தெடுத்த பெயரை அடுத்து எங்குமே பயன்படுத்தாவிட்டாலும் எழுதித்தான் ஆக வேண்டும். பயன்படாத பெயர்களைக் குறைசொல்வதையே தொழிலாகக் கொண்ட ஈஎஸ்லின்ட் கருவிகூட இந்த ஓர் இடத்தில் பொறுத்துப்போவதற்கென்று ஒரு சலுகையை வைத்திருக்கிறது.

இனிக் கல்லுக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் விட்ட சோழமண்டலத்து ஊர்கள் நாற்பது அளவில் அங்குள்ள கல்வெட்டுகளில் கணக்கோடு பதிந்திருக்கின்றன. எல்லா ஊருக்கும் நடை ஒன்றே. முதலில் அளந்தபடி மொத்த நிலம். அடுத்து அதிலிருந்து இறையிலி நீங்கு நிலம்: ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துப் போகிற வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாளச்சேரி, சுடுகாடு, களம். ஊருக்கு ஊர் பட்டியல் மாறும். ஓரூரில் ஈழச்சேரி வரும், இன்னோரூரில் வண்ணாரச்சேரி; பிடாரி கோயிலும் சேட்டை கோயிலும் ஐயன் கோயிலும் தனித்தனியே வரும்; சுடுகாடு சாதிவாரியாக இரண்டாக இருந்தால் இரண்டும் வரும். இத்தனையையும் நீக்கியபின் எஞ்சிய நிலத்தின் அளவும், அதன்மேல் இறைகட்டின காணிக்கடன் நெல்லின் அளவும். எஞ்சிய நிலத்துக்கு வருணனை இல்லை; அது ஓர் எண், அவ்வளவே. சோழர்காலச் சிற்றூரில் யார் எங்கே குடியிருந்தார்கள் என்பதை நொபொரு கராஷிமா போன்ற ஆய்வாளர்கள் இந்த நீக்கல் பட்டியல்களை வைத்துத்தான் பெருமளவு மீட்டார்கள். வரிக்கு உதவாது என்று ஒதுக்கப்பட்டவை பெயரோடு பிழைத்தன. வரி கட்டிய வயல்கள் எண்ணுக்குள் கரைந்துவிட்டன. விலக்குவதற்குப் பெயர் வேண்டும் என்ற விதியின் விளைவு இது. கடவுச்சொல்லின் பெயரை நிரலில் எழுத வைப்பதும் அதே விதிதான்.

இந்தக் கணக்குக்கு அடிப்படையான அளவை கி.பி. 1001-ஐ ஒட்டி நடந்தது. நடத்திய அதிகாரிக்கு உலகளந்தான் என்பது பட்டம். திருநீர்மலையில் பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நான்கு கோலத்தில் இருக்கிறார்; நடந்தவர் உலகளந்த திருவிக்கிரமர். மூன்றடியில் அளந்த அவருக்கு எதையும் நீக்க வேண்டியிருக்கவில்லை. அதிகாரிக்கு வேண்டியிருந்தது, அதுவும் நம்ப முடியாத நுணுக்கத்தோடு. தஞ்சைக் கணக்கில் நிலம் ஒரு வேலியின் 52,428,800,000-இல் ஒரு பங்கு வரைக்கும் இறங்குகிறது. வேலி என்பது ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். அதை அப்படிப் பகுத்தால் கிடைப்பது ஏறக்குறைய அரை சதுர மில்லிமீட்டர். எந்தக் கோலும் அதை அளந்திருக்காது. முந்திரிகை, கீழ்முந்திரிகை என்ற சிறு பின்னங்களைக் கொண்டு கணக்கர் ஓலையில் கழித்துப் பெருக்கியபோது பிறந்த பின்னம் அது. ஆனாலும் அதை அவர் தள்ளிவிடவில்லை, ஏனென்றால் மொத்தமும் நீக்கலும் மீதியும் ஒன்றுக்கொன்று இம்மி பிசகாமல் பொருந்தியாக வேண்டும். எதுவும் நீக்கலுக்கும் மீதிக்கும் நடுவே காணாமல் போகக் கூடாது. அப்படிப் பொருந்திய மீதி கோயிலுக்குப் போயிற்று. பின்னாளில் அந்த மீதிக்குள்ளிருந்து ஒரு துண்டை வெளியே எடுக்க வேண்டுமானால் அது தானாக நடக்காது. நந்தவனத்துக்கோ விளக்குக்கோ ஒருவர் நிலம் விட்டால், ஊர்ச்சபை அவரிடம் மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு அந்த நிலத்தின் வரியைத் தான் சுமப்பதாக எழுதிக் கொடுத்த கல்வெட்டுகள் சோழநாடு முழுதும் உண்டு. புதியதோர் நீக்கலுக்குப் புதியதோர் ஆவணமும் காசும் வேண்டியிருந்தன. மீதியிலேயே இருந்துவிட ஒன்றும் வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான நடையும் அக்காலத்தில் இருந்தது. செப்பேடுகளில் ஓர் ஊரைக் கொடையாக விடும்போது, நான்கெல்லையைச் சொல்லி, உள்ளே உள்ள நிலம் ஒழிவின்றி என்று தொடங்கி, மனை, மன்று, குளம், புற்று, காடு, களர், ஓடை என அடுக்கி, உடும்பு ஓடியதும் ஆமை தவழ்ந்ததுமான எல்லாம் என்று முடிப்பார்கள். இங்கே மறந்துபோனது என்று ஒன்று இருக்கவே வழியில்லை. எல்லைக்குள் இருந்தால் அது கொடைக்குள். செங்கல்பட்டுக்கு மேற்கே உத்திரமேரூரில் மூன்றாவதொரு முறை. முதலாம் பராந்தகன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஊர்ச்சபையின் வாரியத்துக்கு யார் வரலாம் என்பதற்கு வயது 35 முதல் 70, கால் வேலிக்கு மேல் வரிநிலம், சொந்த மனையில் வீடு என்று தகுதி சொல்கிறது. பிறகு முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர்களையும் அவர்களுடைய உறவினர்களையும், இன்னும் சில குற்றங்கள் செய்தவர்களையும் விலக்குகிறது. அதோடு நில்லாமல், எஞ்சியவர்களின் பெயரை ஆளுக்கோர் ஓலையில் எழுதி குடும்பு என்ற முப்பது ஊர்ப்பிரிவுக்கும் தனித்தனியே கட்டிக் குடத்தில் இடச் சொல்கிறது. அதாவது மீதியை மீண்டும் ஒவ்வொன்றாகப் பெயரிட்ட பிறகுதான் அதைப் பயன்படுத்தலாம். நில வரிக்கு இந்தச் சிரமத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருந்தால் பின்னால் வந்த பல வழக்குகளுக்கு இடமே இருந்திருக்காது.

1763-இல் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி சென்னையைச் சுற்றிய சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். திருநீர்மலை வட்டாரம் அதற்குள். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களைக் கணக்கெடுத்தார். அவர் கண்ட ஊர்க்கணக்கில் கழித்தல் இரண்டு அடுக்காக நடந்தது. நிலத்தில் முதல் அடுக்கு: மலை, ஏரி, வாய்க்கால், தோப்பு, வீட்டுமனை போக மீதி சாகுபடி நிலம், அதிலும் கோயிலுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் மற்ற ஊழியக்காரருக்கும் விட்ட மானியம் போக மீதி. களத்தில் இரண்டாம் அடுக்கு: தூற்றிய நெல்லிலிருந்து தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், வெட்டியான், தலையாரி, கோயில், சத்திரம் என்று ஒவ்வொருவர் பேரிலும் சுதந்திரம், மேரை என்ற உரிமைப் பங்குகள் முதலில் அளந்து வைக்கப்பட்டன. அவை போக நின்ற குவியலைத்தான் குடியும் சர்க்காரும் வாரமாகப் பிரித்துக்கொண்டார்கள். ஊர் தனக்குத் தேவையானதைப் பெயர் சொல்லி எடுத்துக்கொண்டு மீதியை அரசனுக்கு விட்டது என்று இதைப் பாராட்டி எழுதுகிறவர்கள் உண்டு. பாராட்டில் உண்மை இருக்கிறது. நீக்கல் முந்தி, அரசன் பிந்தி என்ற வரிசை ஊரைக் காத்தது. ஆனால் விளைச்சல் கூடினால் கூடியதில் பெரும்பங்கு எந்தப் பக்கம் போகும் என்று பார்க்க வேண்டும். நீக்கல் குவியலுக்கு இத்தனை மரக்கால் என்று நின்ற இடத்தில் ஏறாது, மீதிதான் ஏறும்.

அந்த ஏற்றத்தைக் கம்பெனி நன்றாகவே புரிந்துவைத்திருந்தது. 1802-இல் ஜாகீரை மிட்டா என்ற சிறு ஜமீன்களாகப் பிரித்து ஜமா என்ற நிரந்தர வரித்தொகைக்கு விற்றபோது, அவ்வாண்டின் 25-ஆவது ஒழுங்குச் சட்டம் உப்பு, வெடியுப்பு, சாயர் என்ற சுங்கம், மதுவரி, இறையிலி நிலங்களின் வருமானம் ஆகியவற்றைப் பெயர் சொல்லித் தனக்கென்று நீக்கி வைத்துக்கொண்டது. மீதி மிட்டாதாருக்கு. தரிசு நிலம் அந்த மீதியில் சேர்ந்திருந்தது. அதைத் திருத்திப் பயிரிட்டால் கூடுதல் வரி கிடையாது என்பதே வாங்குகிறவருக்குக் காட்டிய ஆசை. பெயர் சொல்லப்படாத எதிர்காலம் ஒருவர் கைக்குப் போவதை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன ஆவணம் குறைவு. செங்கல்பட்டில் அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை, மிட்டாக்கள் பல முறிந்து, குடியானவரிடம் அரசே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி வந்தது. வந்தபின்னும் தரிசின்மேல் ஊரின் பரம்பரை நிலவுரிமைக்காரரான மிராசுதாரர் முன்னுரிமை கோரினர், அரசு விதிகளும் அதற்கு இடம் கொடுத்தன.

இங்கேதான் சோழர்காலத்துப் பட்டியலைப் பொன்னாகப் பார்ப்பவர்கள் நின்று யோசிக்க வேண்டிய செய்தி வருகிறது. தஞ்சைக் கல்வெட்டில் கோயிலும் பறைச்சேரியும் ஒரே மூச்சில் நீக்கப்படுகின்றன; இரண்டுக்கும் வரி இல்லை. இதை வைத்துச் சேரிக்கும் அன்று ஒரு மதிப்பு இருந்தது என்று முடிவு கட்டினால் கணக்கைத் தவறாகப் படித்தவராவோம். நீக்கம் வரியிலிருந்து மட்டுமே. அந்த இடம் யாருடையது என்று பட்டியல் சொல்லவில்லை. கோயிலைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஆள் இருந்தார்கள், சேரிக்குச் சொல்ல இல்லை. 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹியர், அம்மாவட்டத்துப் பறையர் நிலைபற்றி அரசுக்கு எழுதிய குறிப்பில், சேரி மனைகளையே மிராசுதாரர்கள் தங்களுடையவை என்று கோருவதையும், எதிர்த்துப் பேசினால் குடிசையைவிட்டுத் துரத்திவிட முடிந்ததையும், தரிசுக்கு விண்ணப்பித்தால் முன்னுரிமையைக் காட்டித் தடுத்ததையும் விவரமாகக் காட்டினார். நூற்றாண்டுகளாகத் தனிப்பெயரோடு நீக்கி எழுதப்பட்டுவந்த ஓர் இடம் கடைசியில் மீதியை வைத்திருந்தவர் கைக்கே போய்ச் சேர்ந்திருந்தது. 1892-இல் அரசு ஒடுக்கப்பட்ட சாதியாருக்கென நிலம் ஒதுக்கும் ஆணை பிறப்பித்தது. பஞ்சமி நிலம் என்று இன்றைக்குப் பேசப்படுவது அதுவே. அந்த நிலத்தை மற்றவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள். நீக்கிய பொருளுக்குப் பெயர் இருந்தால் போதாது, அதை வைத்துக்கொள்ள ஆளும் நிபந்தனையும் வேண்டும் என்று நிர்வாகம் அறிந்துகொள்ள அத்தனை காலமாயிற்று. நிலம் பிறகு எத்தனையோ இடங்களில் கைமாறியது வேறு கதை.

அடுத்து வந்தது 1905-ஆம் ஆண்டின் மூன்றாவது சட்டம், சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம். அதன் இரண்டாவது பிரிவு இந்த வகை எழுத்துக்கு ஓர் உச்சம். பாதை, பாலம், கடற்படுகை, ஆறு, ஓடை, ஏரி, குளம், வாய்க்கால், நிற்கும் நீர், ஓடும் நீர், எங்கே இருந்தாலும் எல்லா நிலமும் என்று முழுதையும் முதலில் சொல்லி, பிறகு ஜமீன்தார், பாளையக்காரர், மிட்டாதார், ஜாகீர்தார், இனாம்தார், ரயத்துவாரிப் பட்டாதாரர், அரசுக் கொடை பெற்றவர் ஆகியோருடைய சொத்தும், கோயில் மனையும், வீட்டுமனையும் கொல்லையும் நீங்கலாக, மீதி அரசின் சொத்து என்று அறிவிக்கிறது. திசை அப்படியே திரும்பிவிட்டது. இராசராசன் கணக்கில் பெயர் சொல்லி நீக்கப்பட்டவை குளமும் வாய்க்காலும் சுடுகாடும், மீதி வரிநிலம். 1905-இல் பெயர் சொல்லி நீக்கப்பட்டவர்கள் நிலவுடைமையாளர்கள். குளமும் வாய்க்காலும் மீதிக்குள் போயின. ஊருக்குப் பொதுவாயிருந்ததன் மேல் ஊருக்கு என்ன உரிமை என்ற கேள்வியைச் சட்டம் கேட்கவே இல்லை, ஏனென்றால் நீக்கல் பட்டியலில் ‘ஊர்’ என்ற பெயர் இல்லை. அந்தப் பட்டியலின் ஒரு சொல் எவ்வளவு தாங்கும் என்பதற்கு நத்தம் சாட்சி. வீட்டுமனை நீங்கலாக என்று எழுதியிருந்ததால்தான், கிராம நத்தம் அரசுக்குச் சொந்தமானதன்று என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் இன்றும் வாதிட முடிகிறது, வெல்லவும் முடிகிறது. மேய்ச்சல் நிலத்துக்கு அப்படி ஒரு சொல் கிடைக்கவில்லை.

பதிவேட்டில் ஏரிப் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு, களப் புறம்போக்கு, மேய்க்கால் என்று பெயர்கள் இன்றும் இருக்கின்றனவே, எதுவும் தொலையவில்லையே என்று வருவாய்த்துறை அனுபவம் உள்ளவர் மறுக்கலாம். சரிதான், ‘அ’ பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் புல எண்ணும் உண்டு. ஆனால் அது வகைப்பாடு. அரசு தன் சொத்தைத் தானே பகுத்து வைத்துக்கொள்வது. வகையை மாற்றும் உரிமையும் அதே கையில் இருக்கிறது. பல்லாவரம் பெரிய ஏரியை ஊடறுத்துத் துரைப்பாக்கத்துக்குச் சாலை போட்டபோது ஏரி என்ற பெயர் தடுக்கவில்லை. தஞ்சைக் கணக்கர் வாய்க்கால் ஊடறுத்துப் போவதை வயலிலிருந்து கழித்தார். இங்கே சாலை ஊடறுத்துப் போவதை ஏரியிலிருந்து கழித்தார்கள். முன்னது கணக்கில் மட்டும் நடந்த விலக்கு, நிரலில் மூன்று புள்ளி செய்வதைப் போல. மூலம் அப்படியே இருக்கும். பின்னது டிலீட்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. நீக்கி மீதியைக் கொடுப்பதில் இவ்வளவு ஆபத்து என்றால், வேண்டியதை மட்டும் பெயர் சொல்லி எடுப்பதுதானே முறை? கடவுச்சொல் நீங்கலாக மற்றதெல்லாம் என்று அனுப்பும் நிரலில், அடுத்த மாதம் யாரோ ஆதார் எண்ணையோ மருத்துவக் குறிப்பையோ பயனர் பதிவில் புதுப் பண்பாகச் சேர்த்தால் அது சத்தமில்லாமல் மீதியோடு திரைக்குப் போய்விடும். பெயர், ஊர், மின்னஞ்சல் மட்டும் என்று எழுதியிருந்தால் போகாது. பாதுகாப்பு என்ற ஒரே அளவுகோலில் இந்த வாதத்துக்குப் பதிலே இல்லை. மார்க்போகே வேலை பார்த்த அதே ஃபேஸ்புக் 2015-இல் வெளியிட்ட கிராஃப்கியூஎல் கேள்விமொழி, எல்லாவற்றையும் கொடு என்று கேட்கவே வழி வைக்கவில்லை. ஒவ்வொரு பண்பையும் பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும். ஆனாலும் பெயர் சொல்லி எடுப்பதற்கும் ஒரு மறதி உண்டு, அது எதிர்ப்பக்கத்தில் விழும். தமிழ்நாட்டில் 2007-இல் ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் ஒரு சட்டம் வந்தது. அது காப்பது பொதுப்பணித் துறையின் பொறுப்பில் உள்ள ஏரிகளை. ஊராட்சியின் குளமும் பேரூராட்சியின் குட்டையும் அந்த வரையறையில் வராததால் பாதுகாப்புக்கு வெளியே நின்றன. யாரும் அவற்றை நீக்கவில்லை, யாரும் அவற்றைச் சொல்லவுமில்லை. உள்ளாட்சி எல்லைகளிலும் இதுவே நடந்தது. 2011-இல் சென்னை மாநகராட்சி 42 உள்ளாட்சிகளைப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டு விரிந்தது. திருநீர்மலைப் பேரூராட்சி அதில் இல்லை. பத்தாண்டு கழித்து, 2021-இல், ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் கொண்டு தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோதுதான் அதன் பெயர் ஒரு பட்டியலில் வந்தது.

ஆக, எந்த முறை என்பதைவிட, புதிதாக வருகிறது எந்தப் பக்கம் விழ வேண்டும், விழுந்தால் யாருக்கு நட்டம் என்பதே முடிவு செய்ய வேண்டியது. வெளியாருக்குப் போகும் பதிவில் புதியது உள்ளேயே நிற்கட்டும். அங்கே பெயர் சொல்லி எடுப்பதே சரி. ஒரு திரைக்கூறு தனக்கு வேண்டிய இரண்டு பண்புகளை எடுத்துக்கொண்டு மற்றதைத் தனக்குள் இருக்கும் இன்னொரு கூறுக்குக் கடத்தும்போது, அந்த மற்றது என்ன என்று அதற்குத் தெரியவேண்டிய அவசியமே இல்லை. ரியாக்ட் எழுதுகிறவர்கள் மூன்று புள்ளியை அதிகம் கையாளும் இடம் இது. அங்கே பெயர் சொல்லி எடுத்தால், புதிதாக ஒரு பண்பு வரும்போதெல்லாம் நடுவில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் திருத்திக்கொண்டிருக்க வேண்டும். சோழர் கணக்கரும் அதே சிக்கனத்தைத்தான் செய்தார். வயலை ஒவ்வொன்றாக வருணித்திருந்தால் கோயில் சுவர் போதாது. அவருக்கு இருந்த ஒரு காப்பு நிரலுக்கு இயல்பாக இல்லை: கணக்கு இன்ன ஆட்சியாண்டின் அளவை என்று தேதி சுமந்தது, முதலாம் குலோத்துங்கன் காலத்தில் 1086-இல் நிலம் மறுபடி அளக்கப்பட்டது. நிரலில் ஐந்தாண்டுக்கு முன் எழுதிய நீக்கல் பட்டியலை மறுபடி அளக்க யாரும் வருவதில்லை. ஜாவாஸ்கிரிப்டின்மேல் வகைகளைச் சேர்க்கும் டைப்ஸ்கிரிப்ட் 2019-இல் 3.5 பதிப்போடு ஓமிட் என்ற வகையைத் தந்தது. ஆனால் நீக்கச் சொல்லும் பெயர் மூலப் பதிவில் இருக்கிறதா என்றுகூட அது சரிபார்ப்பதில்லை. இல்லாத பண்பை நீக்கச் சொன்னாலும் தலையாட்டிவிடும். கடவுச்சொல் என்ற பண்பின் பெயரை ஒருவர் மாற்றிவிட்டு நீக்கல் பட்டியலில் மாற்ற மறந்தால் இந்த வகை வாய் திறக்காது. அதனால் கவனமுள்ள குழுக்கள் மீதி வெளியே போகும் வாசலில் உத்திரமேரூர்க்காரர் செய்ததைச் செய்கின்றன: எஞ்சிய பண்புகளின் பெயரையெல்லாம் ஒரு சோதனையில் எழுதி வைத்து, எதிர்பாராத பெயர் ஒன்று வந்தால் அன்றைய வெளியீட்டையே நிறுத்திவிடுகின்றன.